கடையில் சரக்கும் பணமும் குறைகிறதா? அறிகுறி பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வழி

ஆயிரம் முதல் மூவாயிரம் சதுர அடியில், இரண்டு மூன்று பில் கவுண்டரும் பத்துப் பன்னிரண்டு ஆட்களும் வைத்து நடக்கும் மளிகை சூப்பர் மார்க்கெட்டுக்காக இது எழுதப்படுகிறது. ஸ்டாக் எடுத்ததும் கணக்கு உதைத்தால், முதலாளியின் கண் முதலில் போவது வேலையாட்கள் மேல். அது தவறான தொடக்கம். குறையும் சரக்கில் ஒரு பகுதி யாராலும் திருடப்படுவதே இல்லை. கம்ப்யூட்டரில் தப்பாக ஏறியிருக்கும். காகிதம், சரக்கு இறங்கும் வாசல், கல்லா, ரேக் என்ற வரிசையில் தேடுங்கள். காகிதத்தைச் சரிபார்க்கச் செலவு இல்லை. ஒரு நல்ல ஆளைச் சந்தேகப்பட்டு இழந்தால் அதை ஈடுகட்ட வழியில்லை.

அறிகுறி 1: கம்ப்யூட்டர் காட்டும் ஸ்டாக்கும் ரேக்கில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை

எவ்வளவு ரூபாய் குறைகிறது என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எந்த வடிவத்தில் குறைகிறது என்பதுதான் வழிகாட்டும்.

*ஒரு பொருளில் குறைவு, அதன் பக்கத்துப் பொருளில் அதே எண்ணிக்கை கூடுதல் என்றால்:* இது திருட்டு அல்ல. ஒரே விலையில் நான்கு மணத்தில் சோப்பு இருக்கும். வாடிக்கையாளர் நான்கிலும் ஒவ்வொன்று எடுத்து வருவார். கவுண்டரில் ஒன்றை ஸ்கேன் செய்து ‘4’ என்று அடித்துவிடுவார்கள். பணம் சரியாக வந்திருக்கும். ஸ்டாக் மட்டும் சிதறிவிடும். ஷாம்பு, பிஸ்கட், நூடுல்ஸ், மசாலாப் பாக்கெட் எல்லாவற்றிலும் இது நடக்கும். எண்ணிக்கையை அடித்துப் பெருக்குவது ஒரே பார்கோடு உள்ள பொருளுக்கு மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

*குறைவு 12, 24, 48 என்ற மடங்கில் இருந்தால்:* பர்ச்சேஸ் என்ட்ரியைத் திறந்து பாருங்கள். பெட்டிக் கணக்கும் பீஸ் கணக்கும் மாறியிருக்கும். 10 பெட்டி வந்ததற்கு 11 என்று ஏற்றியிருந்தால், 24 பீஸ் பெட்டியில் சரியாக 24 குறையும். கம்பெனி பெட்டி அளவை 48-லிருந்து 36-ஆக மாற்றியிருந்து, உங்கள் சாஃப்ட்வேரில் பழைய 48 இருந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு பெட்டிக்கும் 12 ‘காணாமல்’ போகும்.

*ஒரே சப்ளையரின் எல்லாப் பொருளிலும் குறைவு என்றால்:* அவருடைய பில் ஒன்று இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியோடு வந்த பில்லை ஒருவரும், பிறகு வாட்ஸ்அப்பில் வந்த நகலை இன்னொருவரும் ஏற்றுவது வாடிக்கை. சப்ளையர் பில் எண் திரும்ப வந்தால் மறுக்கும் வசதி பெரும்பாலான பில்லிங் சாஃப்ட்வேரில் உண்டு. அதை இயக்கி வையுங்கள். காலாவதி, உடைசல், எலி கடித்தது என்று திருப்பி அனுப்பிய சரக்கு ஸ்டாக்கிலிருந்து கழிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள்.

*சில்லறையாக எடைபோட்டு விற்கும் பொருளில் குறைவு என்றால்:* பாக்கெட் போடும் மேசைக்குப் போங்கள். 50 கிலோ சர்க்கரை மூட்டையை ஒரு கிலோ கவர்களாகப் போடும் ஆள், ‘குறைந்துவிடக் கூடாது’ என்று ஒவ்வொன்றிலும் 10 கிராம் கூடுதலாகப் போட்டால் மூட்டைக்கு அரைக் கிலோ போய்விடும். அப்போதே போட்டு வைத்த பத்து பாக்கெட்டுகளைத் தராசில் வைத்தால் உண்மை தெரியும்: பத்தும் சேர்த்து, கவர் எடை போக, 10 கிலோவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது? வெறும் கவரை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கும் பழக்கமும் வேண்டும். வெல்லம், வெங்காயம், காய்ந்த மிளகாய் போன்றவை ஈரம் வற்றி எடை குறையும். அவற்றுக்கு ஒரு கழிவுக் கணக்கு தனியாக வைக்காவிட்டால் மாதாமாதம் திருட்டுப் போலவே தெரியும்.

இலவசத் திட்டம் எதிர்த் திசையில் ஏமாற்றும். 12 வாங்கினால் 1 இலவசம் என்று வந்த பதின்மூன்றாவது பீஸ் கணக்கில் ஏறவில்லை என்றால், அந்தக் கூடுதல் உண்மையான திருட்டை மூடி மறைக்கும். எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும் பொருளையும் சில சமயம் சந்தேகப்பட வேண்டியது இதனால்தான்.

*இத்தனையும் சரிபார்த்த பிறகும் குறைந்தால்:* இப்போதுதான் இழப்பு உண்மை. கடை முழுக்க எண்ண வேண்டாம். சிறியதாகவும் விலை கூடியதாகவும் எளிதில் விற்றுவிடக்கூடியதாகவும் உள்ள 20 பொருளைத் தேர்ந்தெடுங்கள்: நெய், முந்திரி, பாதாம், ஏலக்காய், குழந்தைப் பால் பவுடர், ரேசர் பிளேடு, ஹேர் டை, பாடி ஸ்ப்ரே, கொசு லிக்விட் ரீஃபில், பெரிய சாக்லேட். கடை திறக்கும்போதும் மூடும்போதும் இவற்றை மட்டும், ஒரு வாரத்துக்கு, ரேக் ஆள் அல்லாத ஒருவர் எண்ணட்டும். மூடிய பிறகு எண்ணியதும் மறுநாள் திறந்ததும் எண்ணியதும் வேறுபட்டால் பிரச்சினை சாவியில். பகலில் குறைந்தால் எந்த ஷிப்டில், எந்தக் கிழமையில் என்று பார்க்கலாம். கேமராவில் 12 மணி நேரத்தை ஓட்டிப் பார்க்க யாராலும் முடியாது. நான்கு மணி நேரத்தைப் பார்க்க முடியும். எண்ணிக்கை செய்யும் வேலை அதுதான்.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் குறைவு எங்கும் ஒட்டாமல் எல்லாப் பொருளிலும் பரவிக் கிடந்தால், வெளி ஆடிட்டர் ஒருவரை வைத்து முழு ஸ்டாக் எடுத்து, அந்தத் தேதியிலிருந்து புதுக் கணக்கு தொடங்குங்கள். அழுகிய பழைய கணக்கில் திருடனைத் தேட முடியாது.

அறிகுறி 2: பில்லில் உள்ளது வண்டியில் வரவில்லை

கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் லைன் வண்டி (விநியோகஸ்தரின் சரக்கு வண்டி) வந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். எண்ண ஆள் இல்லாத நேரம் டிரைவருக்குத் தெரியும். சரக்கு இறக்க நேரம் ஒதுக்குங்கள். காலை 11-க்கு மேல், மாலை 4-க்கு முன்பு. நேரம் மாறி வந்தால் காத்திருக்கட்டும்.

அடுக்கிய பெட்டிகளை வெளியிலிருந்து நீளம் × அகலம் × உயரம் என்று பெருக்கி எண்ணாதீர்கள். நடுவில் ஒரு பெட்டி இல்லாமலே அடுக்க முடியும். அடுக்கைக் கலைத்து, ஒவ்வொரு பெட்டியாக உள்ளே போகும்போது எண்ணுங்கள். மேல் டேப் பழையதாக இருந்து கீழ் டேப் மட்டும் புதிதாக, கம்பெனி பெயர் இல்லாமல் இருந்தால் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். ஒரே சரக்கில் இரண்டு பெட்டியைத் தராசில் வைத்து எடை ஒப்பிடுவது இன்னும் எளிது. ஒரு பாக்கெட் குறைந்தாலும் காட்டிவிடும்.

பால், பிரெட், முட்டை அதிகாலையில் கடை வாசலில் இறக்கி வைக்கப்பட்டால், திறக்கும் ஆள் முதலில் அவற்றை எண்ணி டெலிவரி சீட்டில் எழுத வேண்டும். சீட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

அதிகம் கவனிக்கப்படாத ஓட்டை ரிட்டர்ன். காலாவதிச் சரக்கை லைன்மேன் (லைன் வண்டியில் வரும் விநியோகஸ்தரின் ஆள்) எடுத்துப்போவார், ‘அடுத்த பில்லில் கழிச்சுக்கலாம் அண்ணே’ என்பார். கழிவு வராது. சரக்கு வெளியே போகும்போதே இரண்டு பிரதிச் சீட்டில் எண்ணிக்கை எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள்; கிரெடிட் நோட் (திருப்பிய சரக்கின் தொகையைக் கழித்துத் தரும் சீட்டு) வரும்வரை உங்கள் பிரதி கொக்கியில் தொங்கட்டும். இரண்டு பில் தாண்டியும் வரவில்லை என்றால் லைன்மேனிடம் பேசுவதை விட்டு நேராக விநியோகஸ்தர் அலுவலகத்துக்குச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

அறிகுறி 3: கல்லாவில் பணம் ஒத்துவரவில்லை

*சில நாள் குறைந்து சில நாள் கூடினால்:* பெரும்பாலும் கை தவறு. யுபிஐ-யில் வந்த பில்லை ‘கேஷ்’ என்று அடித்தால் கல்லா குறையும், வங்கியில் கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சரியாக வரும். மங்கிய வெளிச்சத்தில் புது 20 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் மாறிப்போவதும் உண்டு. கவுண்டர் மேல் நல்ல வெள்ளை விளக்கு போடுங்கள். ஒவ்வொரு ஷிப்டும் ஒரே தொகையில், உதாரணமாக 2000 ரூபாய் சில்லறையோடு, தொடங்கட்டும். ஒரு கல்லாவில் ஒரு நேரத்தில் ஒருவர் கை மட்டும்.

*தினமும் சிறிது கூடிக்கொண்டே இருந்தால்:* இதை நல்ல செய்தி என்று விட்டுவிடாதீர்கள். பில் போடாமல் விற்ற பணம் கல்லாவுக்குள் தங்கியிருக்கிறது. எடுக்க வாய்ப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

*பணம் சரி, ஸ்டாக் குறைகிறது என்றால்:* கவுண்டரில் பில்லுக்கு வெளியே ஏதோ நடக்கிறது. சாஃப்ட்வேரில் நான்கு அறிக்கைகளை எடுங்கள்: கேன்சல் பில், பில்லுக்குள் நீக்கிய வரிகள், முடிக்காத ஹோல்ட் பில், பில் இல்லாமல் கல்லா திறந்த எண்ணிக்கை. இவற்றைக் கேஷியர் வாரியாகப் பிரியுங்கள். எல்லாருக்கும் ஓரளவு இருக்கும். ஒருவருக்கு மட்டும் மற்றவர்களைவிட மூன்று நான்கு மடங்கு இருந்தால் அங்கே நில்லுங்கள். அந்த கேன்சல்கள் எல்லாம் கேஷ் பில்லா? மேனேஜர் சாப்பிடப் போன நேரமா? வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் போன பிறகு ரத்தானவையா? பில் நேரத்தைக் குறித்துக்கொண்டு கேமராவில் அந்த இரண்டு நிமிடத்தைப் பாருங்கள்.

தெரிந்தவருக்குச் சலுகை காட்டுவது வேறு விதம். ஐந்து பொருள் ஸ்கேனரைத் தாண்டிப் போகும், ‘பீப்’ மூன்று முறைதான் கேட்கும். பார்கோடை உள்ளங்கையால் மறைத்துத் தள்ளுவார்கள், அல்லது இரண்டு பாக்கெட்டை ஒன்றாகப் பிடித்து ஒன்றை மட்டும் காட்டுவார்கள். 400 ரூபாய் முந்திரியை எடைபோட்டுக் கடலை லேபிள் ஒட்டுவதும் இதே வகை. இதைப் பார்க்க, கேமரா கேஷியர் முகத்தை நோக்கி இருந்து பயனில்லை. தலைக்கு மேலிருந்து நேர் கீழே, மேசையும் கையும் கல்லாவும் ஒரே படத்தில் விழ வேண்டும்.

செலவில்லாத தடுப்புகள்: ஆளுக்கு ஒரு லாகின். கேன்சல், ரிட்டர்ன் இரண்டுக்கும் மேனேஜர் பாஸ்வேர்டு. அதை இன்றே மாற்றுங்கள், ஏனென்றால் இப்போதிருப்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். வேலையாட்கள் வாங்கும் பொருளுக்கு வேறொருவர் பில் போடட்டும். தன் வீட்டாருக்குத் தானே பில் போடக் கூடாது.

குறைந்த பணத்தைக் கேட்டுக்கேள்வி இல்லாமல் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காத பிடித்தம் சட்டப்படி நிற்காது. அதோடு, தன் தவறில்லாமல் பணம் இழந்த ஆள் அடுத்த மாதம் அதை எப்படியாவது சரிக்கட்டத்தான் பார்ப்பார். அறிக்கை, பில் எண், வீடியோ மூன்றும் ஒரே ஆளைக் காட்டினால் வக்கீலிடம் பேசிவிட்டு போலீசுக்குப் போங்கள். வேலையாள் முதலாளியின் பொருளைத் திருடுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 306-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. அந்தக் குற்றச்சாட்டை ஊகத்தில் யார் மேலும் வைக்கக் கூடாது.

அறிகுறி 4: வாடிக்கையாளர் போனில் பணம் போனதாகக் காட்டுகிறது, கணக்கில் வரவில்லை

*சவுண்ட்பாக்ஸ் பேசவில்லை என்றால்:* முதலில் சார்ஜ், வால்யூம், நெட்வொர்க். பிறகு உங்கள் வணிக ஆப்பைத் திறந்து பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள். எஸ்எம்எஸ் சாட்சி அல்ல. யாரும் எந்த எண்ணிலிருந்தும் அனுப்பலாம். அவர் காட்டும் பச்சை டிக்கும் சாட்சி அல்ல. அதே திரையைக் காட்டும் போலி ஆப்கள் உண்டு. 12 இலக்க யுடிஆர் எண்ணை (பரிவர்த்தனையின் அடையாள எண்) கேட்டு உங்கள் பட்டியலில் தேடுங்கள். அங்கே இல்லை என்றால் பணம் வரவில்லை. ‘உங்க காசு எங்கேயும் போகாது, கடைக்கு வரலேன்னா உங்க கணக்குக்கே திரும்பிடும், இப்போதைக்கு வேற வழியில கொடுங்க’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கடைக்கு உறுதியாகாத யுபிஐ பணம் 5 நாளுக்குள் அவர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

*சவுண்ட்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, ஒரு கவுண்டரில் மட்டும் வரவு விழுந்துவிட்டது என்றால்:* க்யூஆர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். தினமும் திறந்ததும் ஒவ்வொரு க்யூஆரையும் ஸ்கேன் செய்து, வரும் பெயர் உங்கள் கடைப் பெயர்தானா என்று பார்த்து 1 ரூபாய் அனுப்புங்கள். அட்டையைக் கவுண்டர் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்தால் ஒட்ட இடமே இருக்காது.

*‘500-க்குப் பதில் 5000 அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க’ என்று யாராவது அவசரப்படுத்தினால்:* பட்டியலில் 5000 விழுந்திருந்தால் மட்டும் பேச்சு. அதுவும் ஆப்பில் அதே பரிவர்த்தனையிலிருந்து ரீஃபண்ட். வேறு எண்ணுக்கு அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

கள்ள நோட்டுக்குச் சுருக்கமாக: 500 ரூபாயைச் சாய்த்தால் பாதுகாப்பு இழையும் வலது கீழே உள்ள எண்ணும் பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும், இரு ஓரத்திலும் தொட்டால் தடவும் ஐந்து கோடுகள் இருக்க வேண்டும். சந்தேகமானால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் வங்கியில் கொடுங்கள், அவர்கள் பறிமுதல் செய்து ரசீது தருவார்கள். கள்ள நோட்டு என்று தெரிந்தே இன்னொருவருக்குத் தள்ளினால் குற்றவாளி நீங்கள்தான்.

அறிகுறி 5: ரேக்குக்குப் பின்னால் காலி அட்டை, பிரித்த கவர்

காலி அட்டைகள் எங்கே கிடக்கின்றனவோ அதுதான் உங்கள் குருட்டு மூலை. கவுண்டரில் உட்கார்ந்து பாருங்கள், அந்த இடம் தெரியாது. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் சரக்கை இடம் மாற்றுங்கள். பால் பவுடர், ரேசர், நெய் மூன்றும் கவுண்டர் எதிரே வரட்டும். குருட்டு மூலைக்கு உப்பும் துடைப்பமும் போகட்டும். ரேக்கில் முன்வரிசையில் நான்கு பீஸ் மட்டும் வைத்து அடிக்கடி நிரப்புங்கள். ஒரே கையில் பத்து வாரிப் போவது தடைபடும், குறைந்தால் உடனே கண்ணிலும் படும். நடு ரேக் ஐந்தடிக்கு மேல் வேண்டாம். உள்ளே வருபவரைப் பார்த்து ‘வாங்கம்மா, என்ன வேணும்?’ என்று கேட்கும் ஓர் ஆள், எந்தக் கேமராவையும்விடப் பயன் தருவார். திருட வந்தவருக்குத் தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்பதே போதும். வாங்க வந்தவருக்கு அது உபசரிப்பு.

அடுத்த செலவு, பை வைக்கும் இடமும் டோக்கனும், மூலையில் குவி கண்ணாடியும். அதற்கும் அடங்காத பொருளைப் பூட்டிய அலமாரிக்குள் வையுங்கள், ஆனால் விற்பனை குறையும் என்று தெரிந்து செய்யுங்கள்.

பழைய பில்லைக் கொண்டுவந்து, ரேக்கிலிருந்து எடுத்த பொருளையே ‘ரிட்டர்ன்’ என்று நீட்டும் வழியும் உண்டு. திருப்பித் தரும் பொருளை வாசலிலேயே வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பணம் கொடுத்ததும் பில்லில் அந்த வரியை அடித்து முத்திரை குத்துங்கள்.

வாசலில் அலாரம் கேட் வைப்பது கடைசி. ஏற்கெனவே வைத்திருந்து, *காரணமில்லாமல் கத்தினால்:* கேட்டிலிருந்து நான்கைந்து அடிக்குள் டேக் ஒட்டிய சரக்கு இருக்கிறதா, பக்கத்தில் புது எல்இடி விளக்கு, சுருட்டி வைத்த ஒயர், வேறு ஸ்பீக்கர் வந்ததா என்று பாருங்கள். ஒவ்வொன்றாக அணைத்தால் குற்றவாளி தெரியும். *கத்த வேண்டிய இடத்தில் கத்தவில்லை என்றால்:* 8.2 மெகாஹெர்ட்ஸ் ஆர்எஃப் (ரேடியோ அலை) லேபிள் தகர டின்னிலும் அலுமினியக் கவரிலும் வேலை செய்யாது. நெய் டின்னுக்கு 58 கிலோஹெர்ட்ஸ் வகை தேவை. இரண்டும் ஒரே கேட்டில் ஓடாது. டியூனிங் வேலைக்கு நிறுவிய டெக்னீஷியன்தான் வர வேண்டும்.

அறிகுறி 6: ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார்

இங்கேதான் கடைக்காரர் புகார் கொடுப்பவராக இருந்து குற்றம் சாட்டப்பட்டவராக மாறுகிறார். பொருள் எடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இடையில் கீழே வைக்கவில்லை என்பது உறுதியாக இருக்க வேண்டும், கவுண்டரைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், ‘ஏதோ பில்லில விட்டுப்போச்சு போல, பார்த்துடலாமா?’ என்பதோடு நிறுத்துங்கள். பொருள் திரும்பி வந்தாலே வெற்றி.

அடிக்காதீர்கள். உடலையோ பையையோ சோதிக்காதீர்கள். அறைக்குள் பூட்டாதீர்கள். ‘திருடி’ என்று படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பெண் என்றால் பெண் ஊழியர் உடன் இருக்கட்டும். சிறுவர் என்றால் பெற்றோரை வரவழையுங்கள். யாரும் இல்லாத குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

சட்டம் தெரிந்திருக்க வேண்டிய இடம் இது. தனி நபர் ஒருவரைப் பிடித்து வைக்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 40-ஆம் பிரிவு அனுமதிப்பது, கண் முன்னால் நடந்த, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்துக்குத்தான். 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். 5000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு பொதுவாக அந்த வகையில் வராது. உங்கள் கடையில் நடப்பவற்றில் பெரும்பாலானவை 5000-க்குக் கீழேதான். அதனால் பொருளைத் திரும்ப வாங்குங்கள், போக விடுங்கள், வீடியோவைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பத் திரும்ப வருபவர், கூட்டமாக வருபவர்கள், மிரட்டுபவர் என்றால் காத்திருக்காமல் 100 அல்லது 112. ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கி வையுங்கள்.

அறிகுறி 7: வேண்டிய நாளின் வீடியோ மட்டும் இல்லை

*பழைய நாள் அழிந்துவிட்டது என்றால்:* ஹார்ட் டிஸ்க் போதவில்லை. கணக்கு எளிது. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் ஒரு நாளுக்கு 21.6 ஜிபி. எட்டுக் கேமராவுக்கு 173 ஜிபி; 4 டிபி டிஸ்க்கில் 23 நாள்தான் நிற்கும். மாதம் ஒருமுறை ஸ்டாக் எடுக்கும் கடைக்கு இது போதாது. வீடியோவை இன்னும் சுருக்கிப் பதியும் எச்.265 முறைக்கு மாற்றி வேகத்தை ஒரு எம்பிபிஎஸ் ஆக்கினால் 46 நாள் வரும்.

*நேரம் தப்பாக இருந்தால்:* பில் நேரத்தோடு பொருந்தாத வீடியோ கிட்டத்தட்ட வீண். டிவிஆரில் (கேமரா வீடியோவைப் பதியும் பெட்டி) நெட் வழி நேரத்தை இயக்குங்கள். கரண்ட் போய் வந்ததும் பழைய தேதிக்குத் தாவினால் உள்ளே உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது.

*இரவில் மட்டும் ஒரு கேமரா அணைந்தால்:* இரவு விளக்கு எரியும்போது கரண்ட் கூடுதலாக வேண்டும். சோர்ந்த எஸ்எம்பிஎஸ் (கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) தாங்காது. கேமரா முனையில் மல்டிமீட்டரில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 11-க்குக் கீழே என்றால் எஸ்எம்பிஎஸ் அல்லது நீளமான மெல்லிய ஒயர். டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்தி டெக்னீஷியனை அழையுங்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள்.

வழக்குக்கு வீடியோ கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) இரண்டு பகுதிகள்: ஒன்று நீங்கள், மற்றது நிபுணர் கையெழுத்திடுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவும் திரையைப் போனில் எடுத்த படமும் இதற்கு உதவாது. டிவிஆரிலிருந்து நேராகப் பென்டிரைவில் எடுங்கள்.

அறிகுறி 8: காலையில் ஷட்டர் நெம்பியிருக்கிறது

உள்ளே போகாதீர்கள், பூட்டைத் தொடாதீர்கள், யாரையும் பெருக்க விடாதீர்கள். போலீசுக்குச் சொல்லுங்கள்; அவர்கள் வந்த பிறகு டிவிஆர் இருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் அதையும் தூக்கிப் போயிருப்பார்கள். அதனால்தான் டிவிஆரை கல்லாவுக்குக் கீழே வைக்காமல், பூட்டிய இரும்புப் பெட்டியில் வேறு இடத்தில் வைக்கச் சொல்வது.

ஷட்டரின் இரு ஓரப் பூட்டு மட்டும் இருந்தால் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம். தரையில் பதிக்கும் சென்டர் லாக் வேண்டும். ஷட்டர் ரெயிலில் காந்த சென்சாரும் சைரனும் போடுவது அடுத்த படி. ஆனால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாதது, இரவில் கல்லாவைக் காலி செய்து, டிராயரைத் திறந்தே வைத்து, ஷட்டருக்கு வெளியிலிருந்து தெரியும்படி ஒரு விளக்கை எரிய விடுவது.

காப்பீட்டுக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். எஃப்ஐஆர் நகல், பர்ச்சேஸ் பில், கடைசி ஸ்டாக் அறிக்கை மூன்றும் கேட்பார்கள். பாலிசியை இப்போதே எடுத்துப் படித்துப் பாருங்கள்: வழக்கமான கொள்ளைப் பாலிசி உடைத்து நுழைந்ததற்குத்தான் பணம் தரும், பகலில் ரேக்கிலிருந்து போனதற்குத் தராது. வேலையாள் எடுத்ததற்கு ஃபிடிலிட்டி கேரண்டி என்ற தனிப் பாலிசி வேண்டும்.